அந்த மூன்றும் காய்க்கின்றனவா

முதல் வருடம் ஆன்ட்ரிமில் இருக்கும் அத்தைக்கு
அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.
கோடரி பிடித்த கையில் இறகு நிற்காது அவருக்கு.

யாருடையதும் இல்லை இந்த நிலம்.
ஜூனியாட்டா ஆற்றில் ஓடை சேரும் இடத்துக்கு மேலே
நூற்றுப் பத்து ஏக்கர்.
மண் கறுப்பு, கைவிட்டால் முழங்கை வரை இறங்கும்.
உப்புதான் விலை.

தாள் அருமையான காலம். ஓரத்தையும் விடமாட்டோம்.
அந்த ஓரத்தில் என் பங்குக்கு எழுதினேன்:
கதவைத் திறந்தால் காட்டுப் பிளம், அத்தை.
மூன்று மரங்கள், ஒரே வரிசையில்.
ஆண்டவர் எங்களுக்கு முன்னால் வந்து
நட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

நினியனைப் பதினொரு வயதில்
லெனாப்பே ஆட்கள் கொண்டுபோனார்கள்,
மாடு தேடப் போன இடத்தில்.
மாடு சாயங்காலமே திரும்பி வந்தது.

கெஸ்லர் வியாபாரத்துக்கு மேற்கே போகும்போதெல்லாம்
செம்புக் கெண்டிக்கும் கம்பளிக்கும் நடுவே
என் கடிதத்தைச் செருகுவார். கூலி ஒரு மான்தோல்.
அம்மா சொல்லி எழுதியது: ஜெபத்தை மறக்காதே.
அப்பா சொல்லி எழுதியது: தப்பி வா,
ஆற்றைப் பிடித்துக்கொண்டே வா.
நானாக எழுதியது:
உன் காலுறை இன்னும் அதே ஆணியில் தொங்குகிறது.
இனி உனக்குப் போதாது என்று நினைக்கிறேன்.

ஆறாவது வருடம் பதில் வந்தது, கெஸ்லர் கையெழுத்தில்.
அவர் ஜெர்மன்காரர். எழுத்துகள்
மழைக்குப் பிந்தைய வேலிக்கம்புகளாகச் சாய்ந்து நின்றன.
பையன் சொன்னானாம், இவர் எழுதினாராம்.
இங்கிலீஷ் அவனுக்கு
இருட்டில் செருப்புத் தேடுவது மாதிரி ஆகிவிட்டதாம்.

நலம்.
அப்பாவைவிட உயரமாகிவிட்டேன் என்று தோன்றுகிறது.
இங்கே எனக்கு ஒரு அம்மா இருக்கிறாள்.
செத்துப்போன மகனின் இடத்தில்
என்னை உட்காரவைத்துச் சோறு போட்டாள்.
வரமாட்டேன். கோபம் ஒன்றும் இல்லை.
அவள் ஒன்று கேட்கச் சொல்கிறாள்.
ஓடைக்கு மேலே அவள் நட்ட பிளம்
மூன்றும் காய்க்கின்றனவா?
நடுமரத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறாள்.
அவர்கள் கிளம்பும்போது அது நோஞ்சானாக இருந்ததாம்.

நான் வாய்விட்டுத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.
‘வரமாட்டேன்’ என்ற இடத்தில் அம்மா எழுந்து
பால் கறக்கப் போனாள்,
அப்போதுதான் கறந்துவிட்டு வந்த பசுவிடம்.
“அப்புறம்?” என்றார் அப்பா.
மேப்பிள் சர்க்கரையில் காய்ச்சிய பிளம் பழத்தை
ரொட்டியில் தடவிக்கொண்டிருந்தார்.
“அவ்வளவுதான்.
கீழே கெஸ்லர் பெயர் போட்டிருக்கிறது.”

அன்று ராத்திரி மை உறைந்துவிட்டது.
குப்பியைக் கக்கத்தில் இடுக்கி இளக்கினேன்.
நினியன், உன் அம்மாவிடம் சொல்
என்று தொடங்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நடுமரம் பிழைத்துக்கொண்டது.
பிழைத்தது மட்டுமா, மற்ற இரண்டையும் மிஞ்சி
நெட்டுக்குத்தாக வளர்ந்தது.
அதனால்தான் அப்பா அதைத் தேர்ந்தெடுத்தார்.
நீ போன மறுவாரம், கதவுக்குத் தாழ்க்கட்டை போட.
தினமும் இருட்டியதும் நான்தான் தூக்கி மாட்டுகிறேன்.
உங்களுக்கு எதிராக.

அத்தைக்கு எழுதியதைத் திரும்ப வாங்க முடியாது.
அத்தை மகன் கில்பர்ட் கப்பலுக்குப் பணம் கட்டிவிட்டான்.
பனி விட்டதும் வருகிறார்கள், ஏழு பேர்.
பிளம் மரத்துப் பக்கமாக வீடு கட்டிக்கொள்ளட்டுமா
என்று கேட்டிருக்கிறான்.

நடுமரம் தேறிவிட்டது, நன்றாக வளர்ந்தது
என்று நினியனுக்கு எழுதினேன்.
இதில் பொய் எதுவும் இல்லை.

மணல் தூவி, ஊதி, மடிக்கும்போதுதான் பார்த்தேன்.
எங்கள் வீட்டிலிருந்து போகும் கடிதத்தில்
முதல் தடவையாக
அரைத் தாள் வெறுமனே கிடந்தது.