இடப்பக்கம் கடல்

ஏ-ஃபோர்ட்டி சமர்செட்டின் முதல் கியர்
நேரே விழாது.
இரண்டாவதைத் தொட்டு, அதன் சம்மதம் கேட்டு,
பிறகுதான் முதலாவதுக்குப் போகலாம்.
மாமியாரைக் கும்பிட்டு மருமகளிடம் போவது மாதிரி
என்பாள் ஜெசிந்தா. அவள் இன்னும் கட்டவில்லை.

கியர்த் தண்டு ஸ்ரியறிங்கின் கழுத்தில் முளைத்திருக்கு.
அதனால் முன்சீற் இடைவெளி இல்லாத ஒரே வாங்கு.
மூன்று தட்டுக் கேக் அதில்
சம்மணம் கொட்டி இருக்கும்.
அதுக்காகத்தான் வாங்கினேன்.
பழைய காரில் எனக்கொரு காதலும் இல்லை.

விற்ற மரியாம்பிள்ளை சாவியோடு ஒரு தாளும் தந்தார்:
டிம் லைற் இடக்காலால் மிதிக்கவும்.
பற்றரி கோபித்தால் கைப்பிடி டிக்கியில்,
பெருவிரலை மடக்கிப் பிடிக்கவும், இல்லாட்டி முறியும்.
கடைசி வரிக்கு அடிக்கோடு:
ஹீற்றர் நல்லா வேலை செய்யும்.

யாழ்ப்பாணத்தில் ஹீற்றர்!
பர்மிங்காமில் விரல் விறைத்த எவனோ
கையை ஊதி ஊதி வரைந்திருக்கிறான்.
சிரித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தோம்.

வைகாசிச் சனி, ஊர்காவற்றுறையில் கலியாணம்.
பண்ணைப் பாலம் தாண்டமுன்னரே
பொனற் விளிம்பால் ஆவி.
நிற்பாட்டினால் திரும்ப ஸ்ராட் ஆகாது.
பத்தரைக்குக் கோயில் மணி.

அப்போதுதான் விளங்கியது அந்த அடிக்கோடு.
ஹீற்றரைத் திறந்தால்
எஞ்சினின் சூடெல்லாம் எங்கள் மடிக்கு வரும்,
எஞ்சின் பிழைக்கும்.
எங்கள் மடியில், இல்லை, எங்கள் நடுவில்
எட்டு றாத்தல் பட்டர் ஐசிங்.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள்.
நான் குமிழைப் பார்த்தேன்.
கசக்கெட் ஒன்றின் விலை தெரியும்,
கேக்கின் விலையும் தெரியும்,
மணப்பெண்ணின் தாயையும் தெரியும்.

திறந்தேன்.

அடுப்பு வாய் மாதிரி ஒரு மூச்சு.
மேல்தட்டு றோசாக்கள் முதலில் தலை குனிந்தன.
ஜெசிந்தா சட்டைக் கையால் விசிறினாள்,
பிறகு 'எமிலியான்' என்ற பேரைப்
பட்டர் கத்தியால் திரும்பத் திரும்ப
இடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
அவன் வழுகி வழுகி
மணப்பெண்ணின் பேருக்கு மேலே படுத்தான்.

இதுக்குள்ளே சிக்னல் கை.
கதவுத் தூணுக்குள் ஒளிந்திருக்கும் செம்மஞ்சள் விரல்,
பண்ணைச் சந்தியில் திரும்பக் கேட்டபோது வெளியே வந்தது,
உள்ளே போக மறுத்துவிட்டது.
தூணில் குத்தினேன். இரண்டு குத்து.
வழக்கமாய் ஒன்று போதும்.

நீட்டின விரலோடு போனோம்
நேர்கோடான தாம்போதி முழுக்க,
இடப்பக்கம் திரும்புகிறோம் திரும்புகிறோம் எண்டு.
இடப்பக்கம் தண்ணி,
கூட்டுவலைத் தடிகள்,
தடிக்கொரு நீர்க்காகம்.

பின்னால் குறிகட்டுவான் பஸ்.
ஹோன் அடிக்கவில்லை, முந்தவில்லை.
நாங்கள் கடலுக்குள் இறங்கும் வரைக்கும்
மரியாதையாய் இடம் விட்டு
மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது.