நூறு வீதம்

விடிய நாலே கால்.
குருநகர்ச் சங்கத்துத் தராசு
எடையை வாங்குகிறது, எழுத மறுக்கிறது.
போனில் பிலோமினா:
"மிஸ், சிவப்பு எழுத்தில ஏதோ வருது.
நிப்பாட்டிப் போட்டுவிடவோ?"

வேண்டாம்.
கையை எடுங்கோ. பட்டன் பக்கமே போகாதேங்கோ.

இரண்டு மணியிலிருந்து இறங்கிய மீன் எல்லாம்
இன்னும் நினைவகத்தில்தான் நிற்கிறது,
வட்டில் ஏறவில்லை.
ஒருக்கா அணைந்தால்
நாற்பத்தாறு வள்ளங்களின் இரவு
ஒரு இலக்கமும் மிஞ்சாமல் போகும்.

கொக்குவிலில், கட்டிலில் காலை மடக்கி,
மடிக்கணினி வெளிச்சத்துக்கு நுளம்பு வர,
உள்ளே போகிறேன்.
ஒரு கடவுச்சொல்.
பிறகு கறுப்பு. பிறகு மினுங்கும் சின்னக் கோடு.

வட்டு எவ்வளவு நிரம்பியிருக்கு என்று கேட்டேன்.
நூறு வீதம் என்றது.
இருக்கிற கோப்புகளை எண்ணிக் கூட்டச் சொன்னேன்.
முப்பத்தொன்று என்றது.
ஒரே இயந்திரத்தின் இரண்டு வாய்கள்,
இரண்டுக்கும் பொய் சொல்லத் தெரியாது.

மிச்சம் அறுபத்தொன்பதும் எங்கே?

போனுக்குள் ஐஸ் பெட்டி இழுபடுகிறது.
அன்ரன்தாஸ் யாரையோ ஏசுகிறான்.
"லொறி ஐஞ்சரைக்கு வெளிக்கிடும் மிஸ்,
கொழும்புக்காரன் நிக்கமாட்டான்."

இடம் தேடுகிற அவதியில்
பழைய அங்கத்தவர் பட்டியலைத் திறந்தேன்.
நூற்றிப் பதினெட்டாம் இலக்கம்:
இந்தச் சேர்வர் வரமுன்னமே எடை நின்றுபோனவர்.
"இதை எடுத்துவிடவோ?"
"ஐயோ, அதில கை வைக்காதேங்கோ.
அந்த மனுசி மாதாமாதம் வந்து
அவற்ற சந்தாவைக் கட்டுறவ."

சரி.
ஒரு வரிதானே.
ஒரு வரியால் வட்டு நிரம்பாது.

யார் யார் எதை எதைத் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று
ஓடிக்கொண்டிருக்கிற எல்லாவற்றையும் கேட்டேன்.
கிணற்றுக் கயிறுபோல் நீண்டு வந்த பதிலில்
ஒரு வரியின் நுனியில் இருந்தது:
அழிக்கப்பட்டது.

எடைச் செயலி, இலக்கம் 2217.
அதன் நாலாம் கையில்
பெயரில்லாத ஒரு கோப்பு, நாற்பத்தொரு கிகாபைற்.
இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது.

அழித்தது நான்தான்.
போன வியாழன் மத்தியானம்
பதிவேடு வீங்கிக் கிடக்குதென்று
இரண்டெழுத்துக் கட்டளை ஒன்றை அடித்துவிட்டு,
இடம் திரும்பிச்சோ என்றும் பார்க்காமல்
சாப்பிடப் போனேன்.
நான் எடுத்தது பெயரை.
பிடித்திருந்தது பிடியை விடவில்லை.

செயலியைக் கொன்றால் கை தானாய் விரியும்.
ஆனால் விடிய இறங்கிய மீனும் அதற்குள்தானே.
ஆகவே கொல்லாமல்
அந்தக் கைவழியே போய்
கோப்பை உள்ளிருந்து வெறுமையாக்கவேணும்.
அடிக்கமுதல் மூன்று தரம் வாசித்தேன்.
2217. நாலு.
2217. நாலு.
மூன்று என்றால் அது தராசு.
2217. நாலு.

என்ரர்.

ஒன்றும் சொல்லவில்லை.
சரிவந்தால் இது ஒன்றும் சொல்லாது,
அதற்குப் பழகவே எனக்கு நாலு வருசம் பிடித்தது.
பிறகு கேட்டேன்: முப்பத்திரண்டு வீதம்.
பிறகு தானாகவே
விளைமீன் பதினாலு கிலோ முந்நூறு,
ஓரா ஆறு,
கணவாய் இருபத்தொன்று எண்ணூறு,
திருக்கை ஒன்று, முழுசாய், ஒன்பதரை.
"வருது மிஸ், வருது, மளமளவெண்டு வருது!"

"என்ன மிஸ் பிழை?"
"வட்டு நிரம்பிப் போச்சு" என்றேன்.

லொறி உறுமுகிறது. போன் வைக்கப்படுகிறது.
நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன்.
பதிவேட்டை இரவுக்கு இரவு நகலெடுத்து,
மூலத்தை அழிக்காமல் வெறுமையாக்க,
ஏழு நாளுக்கு மேல் வைக்காமல் விட
ஒரு அமைப்புக் கோப்பு எழுதுகிறேன்.
அதன் தலையில், இயந்திரம் வாசிக்காமல் தாண்டிப்போகிற வரியில்:

# கையால் அழிக்காதே. வியாழன் அழித்தது நான். நிரோஜினி.