எந்தத் தாலுகா

முடசலோடை போகும் மினி பஸ்
வலை மூட்டைகளுக்கு மேல் எங்களையும் ஏற்றிக்கொண்டது.
சஞ்சு குருங் என் புடவையில்.
பதினோரு ஊக்கு குத்தியும்
படியேறுகையில் கொசுவம் கையோடு வந்துவிட்டது.

ஆறு மாதமாய் எங்களோடு
முட்டிச் சேற்றில் அலையாத்திக் கன்று நடுகிறவள்.
"கல்யாணத்துக்கு உட்கார்ந்துகொண்டே போகிறோமா?" என்றாள்.
அவள் ஊருக்கு, பஸ் நின்ற இடத்திலிருந்து
ஒன்றரை நாள் ஏற்றமாம்.

பந்தலில் ஜெனரேட்டர் புகை.
இவளைக் கண்டதும் வினோதினி
மாலையோடு எழுந்து கையசைக்க,
அத்தை ஒருத்தி தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.
இலையில் வாழைக்காய்.
கடல் அங்கேதானே இருக்கிறது என்று பார்த்தாள் சஞ்சு.
"மீனு நாளைக்குத்தான்" என்றார்
சாம்பார் வாளிக்காரர்.

மொய் மேசையில் அஞ்சாபுலி
பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்.
பேரு? சொன்னாள்.
ஊரு? சொன்னாள்.
"எந்தத் தாலுகா?"
பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
நேபாளம், நூற்றியொன்று
எண்ணிலும் எழுத்திலும்.

பஸ்ஸுக்கு நிற்கையில்
தேங்காய்ப் பையை நீட்டியபடி ஓடிவந்தார் பெண்ணின் அப்பா.
"உனக்கு எப்பம்மா கல்யாணம்?"
சஞ்சு என்னைப் பார்த்தாள்.
"நோட்டுல ஏறிடுச்சில்ல, திருப்பிச் செய்யணும்.
சிதம்பரத்துல ஏறுனா
எத்தனை மாறணும்?"

அவள் விரல் மடக்கினாள்.
ரயில் மூன்று, பஸ் நான்கு,
ஜீப், அப்புறம் தொங்குபாலம்.
ஏற்றத்துக்கு வரும்போது
விரல் மிச்சம் ஒன்று.
அதை மடக்காமலே மேலே காட்டினாள்.

மாமா அண்ணாந்து பார்த்தார்.
அங்கே டியூப்லைட்டும் பூச்சிகளும்தான்.
"செருப்போட ஏறலாமா?"
என்றார்.