இரண்டு கிலோ, ஒரு கைக்கு

மணவிலக்குத் தீர்ப்பில்
டம்பெல்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
இஸ்திரிப் பெட்டி எனக்கு, நாய் அவனுக்கு,
கடன் இருவருக்கும்.
ஜெமோவித் மூட்டை கட்டிய மாலையில்
கட்டிலுக்கு அடியில் கைவிட்டுத் துழாவி
ஒன்றை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.
ஜோடியாக வாங்கியது, ஆளுக்கு ஒன்று.
அவன் கணக்கு எப்போதும் அப்படித்தான்:
நேர்மையானது, உதவாதது.

எனக்கு வாய்த்ததில் பச்சை ரப்பர் உறை.
மேலே புடைத்திருந்த 2 என்ற எண்ணின்
அடிக்கோடு உரிந்துபோய்
இப்போது அது கேள்விக்குறி.

ஊச் நகரத்தில், பவூத்தியில், நான்காம் மாடி.
டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும்.
விடிகாலை டிராம் ஓட்டிவிட்டு வந்து
சீருடைச் சட்டையைக் கதவில் மாட்டி
வலது கையால் தூக்குவேன்.
இடது கை சும்மா தொங்கும்,
பந்தியில் இலை கிடைக்காதவனைப் போல.

சமையலறைத் தராசை எடுத்தேன்.
மாவுப் பொட்டலம் ஒரு கிலோ, போதாது.
தண்ணீர்ப் புட்டி ஒன்றரை.
அலமாரியின் கடைசியில்
ஆகஸ்டில் ஊறப்போட்ட வெள்ளரிக்காய் ஜாடி:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது.
மூடியைத் திறந்து
நாலு கரண்டி உப்புநீர் விட்டேன்.
சரியாக வந்தது.

"இரண்டு கிலோவா?
என் பூனையே ஐந்து கிலோ" என்றான்
டிப்போவில் லுபோமிர்.
தூக்கு, தூக்கிக்கொண்டே இரு, என்று நான் சொல்லவில்லை.
எடை சின்னதென்றால் நேரத்தைக் கூட்ட வேண்டும்,
அவ்வளவுதான் விஷயம்.
ஏற்ற இரண்டு எண்ணிக்கை.
இறக்க ஐந்து.
யெதென். த்வா. த்ஷி.
நாலில் முழங்கை நடுங்கத் தொடங்கும்.
நாலுக்கும் ஐந்துக்கும் இடையில்
இவ்வளவு தூரம் இருப்பது
பள்ளியில் யாரும் சொல்லாதது.

ஜாடி டம்பெல்லைப் போல் அடங்கிய பிராணி இல்லை.
உள்ளே நீர் தளும்பும்,
வெள்ளரிகள் ஒருபக்கம் சாயும்,
பூண்டும் சோயிக்கீரையும் சுற்றி வரும்.
கண்ணாடி வழுக்கினால் தரை முழுக்கப் புளிப்பு.
இடது கை அதனிடம்
ஒவ்வொரு முறையும் புதிதாகப் பேரம் பேச வேண்டியிருந்தது.

பிப்ரவரியில் ஓர் இரவு, பசி.
இரண்டு வெள்ளரியைத் தின்றுவிட்டேன்.
மறுநாள் தராசு நூற்றைம்பது குறைத்துக் காட்டியது.
குறைந்தது எங்கும் போகவில்லை, என்னிடம்தான் இருக்கிறது.
ஆனாலும் கைக்குக் கணக்கு வேண்டுமே.
கூழாங்கல் மூன்றைக் கழுவி உள்ளே போட்டேன்.
மார்ச்சில் ஜாடியில்
காய்களைவிடக் கற்கள் அதிகம்.

அதற்கு நடுவே அந்த நாள்.
மைனஸ் பதினான்கு.
தண்டவாளம் பிரியும் இடத்துச் சூடேற்றி செத்துக் கிடந்தது.
கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
போன குளிர்காலத்தில் இதே இடத்தில்
முன் இருக்கைப் பயணி ஒருவரை
"கொஞ்சம் கைகொடுங்கள்" என்று கூப்பிட்டேன்.
அவர் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார், பாவம்.
இம்முறை வலது கையுறையில் பனி ஏறி
கம்பி வழுக்கியது.
யோசிக்காமல் கை மாற்றினேன்.
இடது கை
எதையோ தளும்பாமல் பிடித்திருப்பதைப் போல்
ஒரு கணம் நின்றது,
பிறகு தள்ளியது.
டக்.
இரும்பு இரும்போடு ஒட்டிக்கொண்டது.
வண்டிக்குள் யாரும்
கைபேசியிலிருந்து தலை நிமிரவில்லை.
நல்லதாகப் போயிற்று.
எனக்குச் சிரிப்பு அடங்க
இரண்டு நிறுத்தம் பிடித்தது.

நேற்று மாலை, இறக்கும் எண்ணிக்கை மூன்றில்,
மேசைமேல் செய்தி வந்து விழுந்தது.
ஐந்து வரை முடித்துவிட்டுத்தான் பார்த்தேன்.
ஜெமோவித்:
"உன்னுடையதை விற்பாயா? பாதி விலை தருகிறேன்.
ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய,
ஒரு பக்கம் மட்டும் வளர்கிறது."

சட்டைக் கை ஒன்று இறுகி, ஒன்று தொளதொளத்து
அவன் கண்ணாடிமுன் நிற்பதை
நினைத்துப் பார்த்தேன்.
கோபம் இருக்கும் என்று தேடினேன்,
வழக்கமான இடத்தில் இல்லை.

"விற்கவில்லை. வெள்ளரிக்காய் ஊறப்போடு"
என்று எழுதினேன்.

பதிலுக்கு
வெறும் ஒரு கேள்விக்குறி அனுப்பினான்.
என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.
பச்சை நிறம்.
இரண்டு கிலோ.