வட்டி கட்டுகிறவர்

செட்டியார் தெருவில் எங்கள் கடைக்கு இரண்டு வாசல்.
ஒன்று நகை வாங்குவோருக்கு:
கண்ணாடிக் கதவு, குளிர்காற்று, வணக்கம் சொல்லும் பொடியன்.
மற்றது பக்கத்து ஒழுங்கையில்.
அடைவுக்கு வருகிறவர்கள்
யாரும் சொல்லாமலே அந்த வாசலைக் கண்டுபிடிப்பார்கள்.

நான் துண்டு எழுதுகிறவள்.
பெயர், அடையாள அட்டை இலக்கம், நிறை, மாற்று.
பெட்டகத்துக்குள் ஒரு வருடம் கிடந்த தங்கம்
வெளியே வந்து உரைகல்லில் இழுபட்டால்
அதே மஞ்சள் கோடு.
இருட்டு அதில் ஒட்டுவதில்லை.
நூலில் கட்டிவிட்ட இலக்கம்தான் உள்ளே அதன் பெயர்.
4417. மூன்று பவுன் சங்கிலி.
ரகுபரன், முகத்துவாரம்.

உங்களுடையதா என்று கேட்டேன்.
எல்லாரிடமும் கேட்பதுதான்.
கேள்வி முடியுமுன்னே
என்னுடையது என்றான்.
அதற்குப் படிவத்தில் ஒரு சின்னச் சதுரம் இருக்கிறது.
சரி போட்டேன்.

அடுத்த மாதம் தகப்பன் வந்தார், அரங்கநாயகம்.
துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவராம்.
உள்ளங்கையில் கயிறு இன்னும் இருந்தது.
திருமண்ணை வியர்வை பாதி அழித்திருந்தது.
சங்கிலி வாங்கிய பற்றுச்சீட்டை
பிளாஸ்டிக் உறையில் கொண்டுவந்திருந்தார்.
காசும் இருந்தது, அசல், வட்டி இரண்டுக்கும்.

"கையெழுத்து வைத்தவர் வந்தால்தான் மீட்கலாம் ஐயா.
வட்டி யாரும் கட்டலாம்."

"அப்ப வட்டியைக் கட்டுறன்."

குரலைத் தாழ்த்திச் சொன்னேன்,
பற்றுச்சீட்டு இருக்கிறது, பொலிசுக்குப் போகலாமே.

"போனால் சங்கிலி வரும் பிள்ளை.
அவன் வருவானே?"

மீதிச் சில்லறையை எண்ணாமல் பைக்குள் போட்டார்.

அன்றைக்குக் கோட்டையிலிருந்து ரயிலில்
கதவோரம் நின்று போனேன்.
பம்பலப்பிட்டியில் அலை தண்டவாளம் வரை எறிந்தது.
எப்போதோ உபன்யாசத்தில் கேட்டது,
உயிர் பெருமாளுடைய நகை,
என்னுடையது என்பதுதான் முதல் களவு.
அப்போது நான் மின்விசிறிக்குக் கீழே
இடம் பிடிப்பதில் இருந்தேன்.

சனிக்கிழமை தெஹிவளைக் கோயிலில்
துளசியைக் கொடுத்துவிட்டு
கோபத்தோடு நின்றேன்.
நகை உன்னுடையது. பெட்டகமும் உன்னுடையது.
இருட்டுகூட உன்னுடையதுதான் என்கிறார்கள்.
பிறகு எங்கள் கையில்
ஏன் பேனாவைத் தந்தாய்?

சிரித்த மாதிரித்தான் நின்றான்.
அது சிற்பி வைத்த சிரிப்பு,
பதில் என்று எடுக்க முடியாது.
பட்டர் திரையை இழுத்தார்.

இரவில் தண்ணீர் குடிக்க எழும்பியபோது
என்னுடைய துண்டைப் பற்றி நினைத்தேன்.
எந்த ஒழுங்கையால் வந்தேன்,
எதை வாங்க வைத்தேன்,
எத்தனை பிறவியாய் எந்த இலக்கம்.
ஒன்றும் ஞாபகமில்லை.
ஆனால் கணக்குத் தெரிந்தவள் நான்:
இத்தனை காலம் ஏலத்துக்குப் போகவில்லை என்றால்
யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பதினான்காம் மாதம், வெள்ளிக்கிழமை.
மழை விட்டு வடிகால் மணத்தது.
அரங்கநாயகம் வட்டியைக் கட்டிவிட்டு
எதிர்க்கடைக் கண்ணாடியைப் பார்த்து நின்றார்.
வளையல்களுக்கு மேலே அதில் ஒழுங்கை தெரியும்.
ஒழுங்கை முனையில் ரகுபரன்.
மெலிந்திருந்தான். கையில் ஒரு கடித உறை.
தேத்தண்ணி வாங்கினான், குடிக்கவில்லை.

தகப்பன் கண்ணாடியில் கண்டுவிட்டார்.
தோள் ஒருமுறை அசைந்தது.
திரும்பவில்லை.

நான் கையைத் தூக்கப் பார்த்தேன்,
வா என்று, இங்கேதான் என்று.
தூக்கிய கையால்
பேனாவை எடுத்து மேசையின் அந்தப் பக்கம்,
வருகிறவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன்.

அரிசி மூட்டை லொறி ஒன்று நடுவே வந்து
ஹோர்ன் அடித்துக்கொண்டே நிற்கிறது.