புள்ளி வட்டம்

அஜ்மான் ஜுர்ஃப், டயர்க்கடைக்குப் பின்னால் பட்டறை.
சமையல்மேடை, மாடிப்படி, வாஷ்பேசின்,
எப்போதாவது ஒரு கல்லறைக்கல்.
நான் அங்கே அளவும் ரசீதும்.

யேசுவடியாள் என்று நான்தான் தட்டிக் கொடுத்தேன்.
அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் பாதிதான் தெரியும்.
ய முந்திக்கொண்டது.
ஏகாரக் கொம்பு துணைக்கு ஆளில்லாமல்
பன்னிரண்டு புள்ளி வட்டம் ஒன்றைப்
பிடித்துக்கொண்டு நின்றது.
இங்கே ஓர் எழுத்து இருந்திருக்க வேண்டும் என்று
திரை போடும் குறி அது.
மெஷினுக்கு எல்லாம் ஒன்றுதான்,
வட்டத்தையும் வெட்டியது
மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு.

கல்லின் விலை உன் சம்பளத்தில், என்றார் முதலாளி.
ஸர்வலி, அரபி வெட்டுகிறவன், என் வயதுக்காரன்,
ஓர் உளியை என் ரசீதுப் புத்தகத்தின்மேல் வைத்துவிட்டுத்
தொழுகைக்குப் போனான்.
பாடம் அவ்வளவுதான்.

ஸிங்குக்காக அறுத்தெடுத்த துண்டுகள்
மூலையில் இடுப்புயரம் கிடந்தன.
கம்ப்ரஸர் அடங்கிய பிறகு
அவைதான் என் சிலேட்டு.

கல்லுக்கு அரிச்சுவடி வேறு.
முதல் எழுத்து ட.
இரண்டே கோடு, ஒரு மூலை.
மூலையை நோக்கி அடித்தால் மூலை பறந்துவிடும்,
மூலையிலிருந்து வெளியே வர வேண்டும்.
இது தெரிய ஆறு ட போயின.
பிறகு ப.
பிறகு ம, அங்கேதான் முதல் வளைவு,
எத்தனை போயின என்று எண்ணவில்லை.
அகரத்துக்கு வந்தபோது
பேரீச்சை பழுத்து முடிந்திருந்தது.
இகரம் இன்னும் வரவில்லை.
நல்லவேளை, அவர் பெயரில் அது இல்லை.

சரியான அடிக்கு டிக் என்னும்,
தப்பான அடிக்கு ஒன்றும் சொல்லாது.
மாஸ்க்கைக் கழற்றினால்
மூக்கைச் சுற்றி மட்டும் நான்,
மீதி ஓமன் மார்பிள்.

டியூப்லைட்டை அணைத்து
டார்ச்சைப் பக்கத்தில் படுக்கப் போட்டபோதுதான் தெரிந்தது,
நான் வெட்டிக்கொண்டிருந்தது
நிழல் வந்து உட்கார ஒரு பள்ளம்.
கோடையில் பன்னிரண்டரை முதல் மூன்று வரை
வெளிவேலைக்குத் தடை.
எழுத்துக்கும்தான்.
வாசலில் மல்லாத்திய கல் அந்நேரம் வெறும் கல்.
நாலரைக்கு மேல்
கொம்பு, கால், சுழி என்று
ஒவ்வொன்றாக வேலைக்குத் திரும்பும்.

பாக்கியதாஸ் வந்தார், தண்ணீர் லாரி டிரைவர்,
யூனிஃபாரத்தோடு, லாரியை அணைக்காமல்.
கெட்டுப்போன கல்லைச் சுவர்ப்பக்கம் திருப்பித்தான் வைத்திருந்தேன்.
யாரோ புரட்டிவிட்டார்கள்.
அவர் குனிந்து
வட்டத்தில் விரல் வைத்து
ஒவ்வொரு புள்ளியாகச் சுற்றி வந்தார்.
"பூ போட்டிருக்கீங்க.
நான் சொல்லவே இல்லையே.
அவளுக்கு வேணும்னு எப்படித் தெரியும்?"
பிறகு, தாழ்ந்த குரலில்,
"இதுக்குத் தனியா எவ்ளோ?"

கம்ப்யூட்டர், எழுத்துரு, பிழை
எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன.
"தனியா இல்லை" என்றேன்.

புதுக்கல்லில் பெயரை நானே வெட்டினேன், பதினாறு ராத்திரி.
கொம்பு தன் இடத்தில், யகரத்துக்கு முன்னால்.
கடைசி எழுத்தின் தலையில் ஒரு புள்ளி.
பழைய கல்வெட்டுக்காரர்கள் புள்ளியே வைப்பதில்லையாம்,
படிக்கிறவர் வைத்துக்கொள்ளட்டும் என்று.
சோம்பேறிகள் என்று நினைத்திருந்தேன்.
உளியை நிமிர்த்தி விரல்களுக்குள் திருகித் திருகி
ஒன்றைக் குடைந்து முடித்ததும்
அத்தனை பேரையும் மன்னித்துவிட்டேன்.

அப்புறம் பெயருக்கு மேலே
காம்பஸால் வட்டம் போட்டுக்கொண்டு
மீதிப் பன்னிரண்டையும்.

ஸர்வலி டீயோடு வந்து நின்றான்.
அவனுக்குத் தமிழ் தெரியாது,
எது எழுத்து என்று மட்டும் தெரியும்.
"இதை எப்படி உச்சரிக்கணும்?"
அப்புறம் சொல்கிறேன் என்றேன்.
ஏழாவது புள்ளி
கொஞ்சம் பெரிதாகிவிட்டது.