அரைப்பேர்

கொழுந்து குறைந்த நாளில்
கணக்கப்பிள்ளை அம்மாவுக்கு அரைப்பேர் போடுவார்.
வெளியூர்க்காரருக்கு இது விளங்காது.
எங்கள் மலையில் பேர் என்றால் ஒருநாள் கூலி.
பதினெட்டுக் கிலோ பறித்தால் முழு ஆள்.
பதினேழரை என்றால்
பேரில் பாதியை மடுவத்தில் இறக்கிவைத்துவிட்டு
லயத்துக்கு நடக்க வேண்டும்.

நான் இலங்கைக்காகப் பதினொரு ஆட்டம் ஆடினேன்.
எண்பது நிமிடமும் நின்றது நான்கில்.
மீதி ஏழும் அரைப்பேர்,
இடையில் உள்ளே போனதும்
இடையில் வெளியே வந்ததுமாக.

பதினான்காம் நம்பர். வலது விங்.
றக்பியில் வேகமானவனைக் கரையோரம் நிறுத்திவைப்பார்கள்.
நடுவில் பதினாறு தடியன்கள்
உர மூட்டை இறக்குவதுபோல் முக்கிக்கொண்டிருக்க,
பந்து கைமாறிக் கைமாறி என்னிடம் வருவதற்குள்
ஐந்து பேருக்கு ஐந்து யோசனை வந்துவிடும்.
கோலாலம்பூரில் இரண்டே தடவை வந்தது.
ஒன்றைப் பிடித்தேன்.
மற்றதைப் பற்றிப் பயிற்றுநர்
விமான நிலையம்வரை பேசிக்கொண்டு வந்தார்.

அல்மாட்டியில் பனி.
காலியிலிருந்து வந்த ஹூக்கர் சமிந்துவுக்கு உதடு நீலம்.
எனக்கு அது காலைப் பெரட்டு,
இடுப்பில் படங்கு கட்டாத குறைதான்.
தேசிய கீதத்துக்கு வரிசையில் நின்றோம்.
மெட்டு ஒன்றுதானே.
என் உதடு எந்த மொழியில் அசைந்தது என்று
அந்தக் குளிரில் ஒருவரும் பார்க்கவில்லை.
ஸ்கோர் பலகையில்
விமலேஸ்வரனுக்கு இடம் போதவில்லை;
விமலே என்று எழுதி நிறுத்தியிருந்தார்கள்.
பையன்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.
திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தேன்.

சொந்த மண்ணில் ஒரேயொரு ஆட்டம்,
கண்டி, நித்தவளை மைதானம்.
அம்மா மத்தியானம்வரை பறித்தாள்.
அரைப்பேரோடு டிக்கோயாவில் பஸ் ஏறி,
ஹட்டனில் மாறி,
கினிகத்தேனையில் மண் சரிந்து
ஒரு மணிநேரம் மழையில் நின்று
வந்து சேர்ந்தபோது இரண்டாம் பாதி.
என் முழங்கால்
முப்பத்தெட்டாவது நிமிடத்திலேயே போய்விட்டிருந்தது.

சேறு எல்லா முதுகிலும் நம்பரை அழித்திருந்தது.
எனக்குப் பதிலாக இறங்கிய தினெத்,
பேராதனைக்காரன், என் உயரம், என் நிறம்,
கடைசிப் பத்து நிமிடத்தில் பந்தை வாங்கினான்.
கரைக்கோட்டுக்கும் இரண்டு தடியன்களுக்கும் நடுவே
தேயிலை நிரைக்குள் ஒருக்களித்து நுழைகிற மாதிரி நுழைந்து
ஓடி, மூலையில் விழுந்தான்.
ட்ரை.

கூட்டத்தின் பின்வரிசையில் ஒரு குரல்:
‘எம்மவன்! எம்மவன்!’
அக்கம்பக்கத்தில் நின்றவர்கள்
அம்மாவுக்குக் கைகொடுத்தார்களாம்.
ஒருவர் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தாராம்.

விசில் ஊதியதும்
குடையை மடக்காமலே பெஞ்சுக்கு ஓடிவந்தாள்.
என் முழங்காலில் ஐஸ்.
ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்து மூடியிருந்தேன்.
‘காலுக்கு என்னடா? விழுந்தப்பவா?’
‘ஆமாம்மா. விழுந்தப்ப.’
அது பொய்யில்லை. நானும் விழுந்தவன்தான்.

தினெத்துக்குத் தமிழ் தெரியாது.
ஆனால் அவள் விரல் அந்த மூலையைக் காட்டி
என் தலையைத் தடவியதும்
அவனுக்கு விளங்கிவிட்டது.
அவள் நீட்டிய ரொட்டியில் பாதியைப் பிய்த்து வாங்கினான்.
சேற்றுக் கையால் என் முதுகில் ஓங்கித் தட்டினான்,
ட்ரை போட்டவனைத் தட்டுவதுபோல்.

சங்கத்துப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே
ஆட்டம் பதினொன்று, ட்ரை பூச்சியம்.
தோட்டத்தில் இன்னும் ஒன்று என்றுதான் கணக்கு.
போன கிழமையும் மடுவத்தில்
புதுக் கணக்கப்பிள்ளையிடம்
அந்த மழையை, அந்த மூலையைச் சொல்லியிருக்கிறாள்.
அவர் ஆர்வமாகக் கேட்டாராம்.
கேட்டுக்கொண்டே தராசைப் பார்த்தாராம்.

பதினேழு கிலோ.
அரைப்பேர்.